நிறம் பிரிக்கும் பெட்டியும் அதில் இல்லாத கம்பளி நூலும்

பானங்களில் கலந்திருக்கும் உணவு நிறங்களைப் பிரித்துக் காட்டும் பரிசோதனைப் பெட்டி ஒன்றை, பேத்தியின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இணையத்தில் வாங்கினோம். விலை 849 ரூபாய். வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் அவர்களே வைத்து அனுப்பும் சாயத்தைப் பிரித்துப் பார்க்க இது நல்ல பெட்டி. கடையில் வாங்கிய சர்பத்தின் நிறத்தைப் பிரிக்க நினைத்தால் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஆனால் அட்டையில் அச்சிட்டிருப்பது வண்ண வண்ணமான குளிர்பான பாட்டில்களின் படம். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

நான் மும்பை பரேலில் ஒரு பஞ்சாலையின் சாயப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது பிவண்டிப் பக்கம் போய், சாயப்பட்டறைகளுக்கு ஷேடு பொருத்தி, அதாவது கேட்ட நிறம் வரும்படி சாயம் கலந்து கொடுக்கும் வேலையிலேயே ஓய்வு பெற்றேன். துணியில் ஏறுகிற சாயமும் சர்பத்தில் கரைகிற சாயமும் வெவ்வேறு உலகம் என்று பலர் நினைக்கிறார்கள். உணவுப் பொட்டலத்தில் டார்ட்ரசின் என்று எழுதியிருப்பதைத்தான் சாயக்காரர்கள் ஆசிட் மஞ்சள் 23 என்பார்கள். கார்மோசின் எங்களுக்கு ஆசிட் சிவப்பு 14. பிரில்லியன்ட் புளூ, ஆசிட் நீலம் 9. உணவுக்கு வரும் சரக்கின் தூய்மைக்குக் கடுமையான வரம்பு உண்டு, பட்டறைக்கு வரும் சரக்கை வாயில் வைக்கக்கூடாது; மூலக்கூறு ஒன்றுதான். அதனால்தான் இந்தப் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் உயரமான கண்ணாடிக் குடுவை ஒன்று, கொக்கி வைத்த மூடி, 20 தாள் கீற்றுகள், சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு சிறு புட்டிகள், ஒரு சொட்டுக் குழாய், உப்புப் பொட்டலம், ஓர் அளவுகோல், 16 பக்கக் கையேடு. குடுவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கனமான கண்ணாடி, சமமான அடி, கீற்று பக்கச் சுவரில் ஒட்டாமல் நடுவில் தொங்கும்படி கொக்கியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். மூடியால் காற்றுப் புகாமல் மூட முடிகிறது. தாள் சுவரைத் தொட்டால் நீர் அந்தப் பக்கமாக வேகமாக ஏறி நிறக்கோடு சாய்ந்துவிடும். திறந்து வைத்தால் தாளின் மேற்பகுதி காய்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கையேட்டில் சொன்னபடியே ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்தோம். கீற்றின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பென்சிலால் கோடு போட்டு, பச்சைப் புட்டியிலிருந்து ஊசிமுனை அளவு புள்ளி வைத்து, காயவிட்டு, புள்ளி நனையாதபடி தொங்கவிட்டோம். பேனாவால் கோடு போட்டால் மையே பிரிந்து மேலே ஓடும். பென்சில் கரி அசையாது. நீர் புள்ளியைத் தொட்டதும் பச்சை மெல்ல நீண்டது. மேல் விளிம்பு முதலில் நீலமாகி, பிறகு நீலம் தனியே கழன்று நீரின் முனையோடு போட்டியாக ஏறத் தொடங்கியது. மஞ்சள் பின்தங்கியது. "தாத்தா, பச்சை என்று ஒன்று இதில் இல்லவே இல்லை!" என்றாள் பேத்தி. அவள் பாடப்புத்தகத்தில் மை பிரியும் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கண்ணெதிரே பார்ப்பது வேறு. அந்த ஒரு கணத்துக்காகவே பெட்டிக்குப் பணம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

சிக்கல் பானத்தோடு தொடங்கியது. கையேடு "பானத்தில் ஒரு துளியைத் தாளில் வைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. நம் நாட்டு விதிப்படி, குடிக்கும் நிலையில் உள்ள பானத்தில் செயற்கை நிறம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியானால் 100 மில்லி பானத்தில் அதிகபட்சம் 10 மில்லிகிராம் நிறம். அதே 100 மில்லியில் சர்க்கரையோ பத்து கிராம் அளவில் இருக்கும். நிறத்தைப்போல ஆயிரம் மடங்கு சர்க்கரை! தாளில் வைக்கும் சிறு புள்ளிக்குள் போகும் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவு. போதாது என்று அதே இடத்தில் மறுபடி மறுபடி துளி வைத்தால் சர்க்கரை பிசுபிசுத்துத் தாளின் துளைகளை அடைத்துவிடும். கஸ் என்னும் வெட்டிவேர் சர்பத் அப்படித்தான் ஆனது. புள்ளியிலிருந்து மங்கலான பச்சை வால் ஒன்று இழுபட்டது, பிரியவில்லை. பெட்டியோடு வரும் புட்டிகளில் நிறம் பல மடங்கு செறிவாக இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை தெரியாது.

இங்கேதான் கம்பளி வேண்டும். ஆசிட் சாயத்தின் மூலக்கூறில் சல்போனேட் என்னும் எதிர்மின் கை இருக்கிறது. கம்பளி புரதம், வினிகர் விட்ட புளிப்பு நீரில் போட்டால் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின் ஏற்றுக்கொள்கின்றன. இரண்டும் பற்றிக்கொள்ளும். சர்க்கரைக்கு மின்னேற்றம் கிடையாது, அது நீரிலேயே தங்கிவிடும். சாயம் ஏறிய நூலை அலசி, நீர்த்த அம்மோனியாவில் போட்டால் கம்பளி நேர்மின்னை இழக்கும், சாயம் கழன்று இறங்கும். பானத்தில் பரவிக் கிடந்த நிறம் ஒரு கரண்டி நீருக்குள் வந்துவிடும். உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் காலம் காலமாகச் செய்கிற முறை இது. நுரைச் சோடாவானாலும் சர்பத்தானாலும் முதல் வேலை இதுதான்.

கையேட்டில் வரலாறு என்று இரண்டு பக்கம் இருக்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1903-இல் இலைச் சாற்றின் நிறங்களைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் பிரித்தது வரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தாளில் பிரிக்கும் முறை எங்கே பிறந்தது என்பது அதில் இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில்தான் பிறந்தது! ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க வழி தேடினார்கள். 1941-இல் சிலிக்காக் குழாயில் பிரித்தார்கள். 1944-இல் மார்ட்டின், கான்ஸ்டன், கார்டன் மூவரும் வடிதாளிலேயே பிரித்துக் காட்டினார்கள். 1952-இல் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் வேதியியல் நோபல் பரிசு. கம்பளி ஆய்வகத்தில் பிறந்த முறையைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர்கள் ஒரு முழம் கம்பளி நூலை உள்ளே வைக்கவில்லை. என் மனம் ஆறவில்லை.

சரி, நூலுக்கு எங்கே போவது? பின்னல் நூல் கடைகளில் உல்லன் என்று கேட்டால் எடுத்துத் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் இந்தச் சாயம் ஏறாது. தாதரில் ஒரு கடையில் சாயம் போடாத வெள்ளைக் கம்பளி நூல் கிடைத்தது. வாங்கும் முன் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் தலைமுடி கருகும் வாடை வரும், தீ தானே அணையும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். சாயப் பிரிவில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இந்தச் சோதனையைத்தான்.

நூலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். 100 மில்லி பானத்தை எடுத்து, சோடாவானால் கலக்கிச் சூடாக்கி வாயுவை விரட்டி, கெட்டிச் சிரப்பானால் தண்ணீர் விட்டு, இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினிகர் ஊற்றி, ஒரு சாண் நூலைப் போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் வைக்கவும். நூல் பளிச்சென்று நிறமேறும். பானம் வெளிறும். நூலை எடுத்துக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, ஒரு கரண்டி நீர்த்த அம்மோனியாவில் இளஞ்சூட்டில் வைத்தால் நிறம் இறங்கும். நூலை எடுத்துவிட்டு அந்தக் கரைசலைக் கொதிநீரின் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் சுண்டவிட வேண்டும். அரை மில்லி மிச்சம் இருக்கும்போது நிறுத்தினால், வழியில் கொஞ்சம் வீணானாலும் பானத்தில் இருந்ததைப்போல நூறு மடங்கு செறிவு கிடைக்கும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், இந்த ஒரு கட்டத்தைப் பெரியவர்களே செய்யுங்கள்.

இதன் பிறகு பெட்டியின் குடுவை தன் திறமையைக் காட்டியது. கஸ் சர்பத் மேலே நீலம், கீழே மஞ்சள் என்று இரண்டு தெளிந்த புள்ளிகளாக நின்றது. பாட்டிலில் 102, 133 என்று உணவு நிறங்களுக்கான எண் போட்டிருந்தார்கள்; 102 டார்ட்ரசின், 133 பிரில்லியன்ட் புளூ. தாளும் அதையே சொன்னது. நாவல்பழச் சுவைப் பானமான காலா கட்டாவின் ஊதா கீழே சிவப்பாகவும் உச்சியில் நீலமாகவும் உடைந்தது. பேத்தி மிகவும் எதிர்பார்த்தது ஆரஞ்சுப் பானத்தைத்தான். சிவப்பும் மஞ்சளும் பிரியும் என்று குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். ஒரே புள்ளி ஏறியது. மறுபடி செய்தாலும் ஒரே புள்ளி. அது சன்செட் எல்லோ, எண் 110. கலவையல்ல, தனிச் சாயமே ஆரஞ்சாக இருக்கிறது. பிரியாத தாளும் ஒரு விடை என்று அவளாகவே எழுதினாள். கண்காட்சியில் அந்தத் தாளைத்தான் நடுவில் ஒட்டச் சொன்னேன்.

கொக்கம் சர்பத்தையும் வைத்துப் பார்த்தோம். ரத்னகிரிப் பக்கத்துக் கொக்கம் என்ற புளிப்புப் பழம், வீட்டில் ஊறவைத்தது. நூல் லேசாகச் சிவந்தது. அம்மோனியா பட்டதும் அந்தச் சிவப்பு கெட்டு மங்கிய பச்சையாக மாறியது. அந்தக் கரைசலில் மறுபடி வினிகர் விட்டுப் புளிப்பாக்கிப் புது நூலைப் போட்டால் ஏறவில்லை. செயற்கை ஆசிட் சாயம் இரண்டாம் நூலிலும் தயங்காமல் ஏறும். கொக்கத்தில் இருப்பது ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறம். கறுப்புச் சோடாவின் நிறம் கருக்கிய சர்க்கரை, எண் 150. அது பல பொருள்களின் கூட்டம், புள்ளியாக நிற்காது, கோட்டிலிருந்து பழுப்பாக இழுவிக்கொண்டே போகும்.

பெட்டியின் மேல் எனக்குள்ள அடுத்த குறை, புட்டிகளின் மேல் நிறத்தின் பெயர்தான் இருக்கிறது, எண் இல்லை. 'சிவப்பு' என்றால் எந்தச் சிவப்பு? நம் நாட்டில் உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்களின் பட்டியலில் கார்மோசின் 122, பொன்சோ 4ஆர் 124, எரித்ரோசின் 127 என்று மூன்று சிவப்புகள் உண்டு. கார்மோசினையும் பொன்சோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். தாளில் அப்படியில்லை. கார்மோசினில் சல்போனேட் கைகள் இரண்டு, பொன்சோவில் மூன்று. மூன்று கை உள்ளது நீரோடு அதிகம் ஒட்டிக்கொண்டு உயர ஏறும். ரோஸ் சிரப்பில் இருப்பது எது என்று சொல்ல வேண்டுமானால், இன்னதென்று உறுதியாகத் தெரிந்த புள்ளி ஒன்று பக்கத்தில் ஓட வேண்டும். பெயரில்லாத சிவப்பு அதற்கு உதவாது.

இதைச் சமாளிக்கக் கையேட்டின் பின் அட்டையில் ஆர்எஃப் மதிப்புகளின் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நிறம் ஏறிய தூரத்தை நீர் ஏறிய தூரத்தால் வகுத்தால் வருவது ஆர்எஃப். நீர் 8 சென்டிமீட்டரும் நீலம் 7.6 சென்டிமீட்டரும் ஏறினால் 0.95. கணக்கு சரிதான். ஆனால் அந்த மதிப்பு தாளுக்குத் தாள், உப்பின் அளவுக்கு, வெப்பத்துக்கு ஏற்ப மாறும். அட்டவணையைப் பார்த்துப் பெயர் சூட்டுவதைவிட, ஒரே தாளில் பானமும் அறிந்த நிறமும் அருகருகே ஓடி ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே ஷேடு பார்த்த எவனும் செய்வது. கிராஃபோர்டு மார்க்கெட்டில் கேக் சாமான் விற்கும் கடைகளில் எண் அச்சிட்ட உணவு நிறப் புட்டிகள் கிடைக்கும். கலவை இல்லாத, ஒற்றை எண் போட்ட புட்டிகளாகப் பொறுக்கி எடுங்கள்.

தாளும் எனக்குத் திருப்தியில்லை. கீற்றுகள் ஒரே தடிமனாக இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ ரயில் ஏறி மரைன் லைன்ஸில் இறங்கினால் பிரின்சஸ் ஸ்ட்ரீட். ஆய்வகச் சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. வாட்மன் நம்பர் 1 வடிதாள் கேளுங்கள், 100 வட்டங்கள் உள்ள பெட்டியாகக் கிடைக்கும். அகலமாக வெட்டிக்கொண்டால் ஒரே தாளில் நாலைந்து புள்ளிகள் வைக்கலாம். கண்ணாடித் தட்டும் அம்மோனியாவும் அதே தெருவில் வாங்கலாம். கடைக்காரர்கள் பெரும்பாலும் குஜராத்திக்காரர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எதற்கு என்று சொன்னால் பொறுமையாக எடுத்துக் கொடுக்கிறார்கள். மும்பை மழைக்காலத்தில் தாளை மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் இழுத்த தாளில் புள்ளி பரவிவிடும்.

கடைசியாக, அட்டையில் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம்: "உணவுக் கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள்". இதை நீக்கிவிட வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ரோடமைன் பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்த பிறகு பெற்றோருக்கு இந்தப் பயம் வந்திருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ரோடமைன் காரச் சாய இனம். ஆசிட் சாயத்துக்கான இந்த வழியை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரு கரைசலில் ஒரே உயரத்துக்கு ஏறியதாலேயே இரண்டு நிறமும் ஒன்று என்று ஆகிவிடாது. 100 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்பதையும் புள்ளி சொல்லாது. துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் கோலா வண்டியில் வாங்கிய சிரப்பில் பெயர் தெரியாத புள்ளி ஒன்று வந்தால், அந்த வண்டிக்காரரைப் பிள்ளைகள் கண்காட்சியில் குற்றவாளியாக நிறுத்திவிடுவார்கள். பிழைப்பை அதில் வைத்திருக்கும் மனிதர் அவர். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இருக்கிறது. பொருளை வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையில் குறையில்லை. மூடி விரிசலோடு வந்தது, படம் எடுத்து அனுப்பியதும் புதிது அனுப்பினார்கள். 5-க்கு 3 கொடுக்கிறேன். ஒரு சுருள் கம்பளி நூலும் புட்டிகளின் மேல் எண்ணும் வந்துவிட்டால் தயங்காமல் 5 கொடுப்பேன்; அதற்கு அவர்களுக்கு ஆகும் செலவு குடுவையின் விலையில் சிறு பங்குகூட இராது.

ரோஸ் மில்க்கைப் பிரித்துப் பார்க்க நம் வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். வினிகர் பட்டதும் பால் திரியும். திரிந்த கட்டியும் புரதமே, ஆசிட் சாயத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். நூலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பாலில் ஊற்றும் முன்பே சிரப்பில் இரண்டு கரண்டி எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்துச் செய்யச் சொல்லுங்கள்.